‘உங்க பழைய பேண்ட் பத்தி ஒண்ணு கேட்கலாமா?’ – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டி எடுக்கத் தொடங்கியிருப்பவர்கள், பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள், மேடையில் தொகுத்து வழங்குகிறவர்கள், கச்சேரி முடிந்ததும் கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிற ரசிகர்கள் என்று பலரும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். ஒரு இசைக்குழுவில் (அதாவது பேண்டில்) புகழ்பெற்று, பிறகு அதைவிட்டு வந்த இசைக்கலைஞரிடம் அந்தக் குழுவைப் பற்றிப் பேசலாமா, பேசினால் எப்படி? அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், வம்பானவை பின்னால்.

அந்த பேண்ட்லதானே பேரே வாங்கினாங்க? அதைப் பத்திக் கேட்டா ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறாங்க?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தி ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு இருந்தது 1982 முதல் 1987 வரை, ஐந்தே ஆண்டுகள். அதைவிட்டு வந்தபோது கிடார் கலைஞர் ஜானி மாருக்கு வயது 23. அதன் பிறகு தி தி (The The), எலக்ட்ரானிக், மாடஸ்ட் மௌஸ், தி கிரிப்ஸ் என்று குழு குழுவாக வாசித்தார், தனி ஆல்பங்களும் போட்டார். பீட்டில்ஸ் உடைந்த 1970இல் அதன் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது 27. அதற்கப்புறம் 31 ஆண்டுகள் வாழ்ந்தார். இருபது வயதில் பார்த்த முதல் வேலையைப் பற்றியே ஒருவரை ஐம்பது வயதிலும் விசாரித்துக்கொண்டிருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

பேட்டி நடக்கிற விதமும் ஒரு காரணம். புது ஆல்பம் வரும்போது ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பேட்டிகளை வரிசையாக அடுக்கிவிடுவார்கள், ஆளுக்குப் பதினைந்து இருபது நிமிடம். காலை பத்து மணிக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர் சிரித்த முகத்தோடு பதில் வாங்கிப் போயிருப்பார். மாலை நாலு மணிக்கு அதையே ஒன்பதாவது ஆளாகக் கேட்கிறவர்மேல் மொத்தமும் விழும். ‘என்னிடம் மட்டும் ஏன் இப்படி?’ என்று வருந்துகிற பல பேருக்கு நடந்தது இவ்வளவுதான்.

எல்லாருக்கும் ஒரே காரணம்தானா?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, வெறும் சலிப்பு. முந்தைய பதிலில் சொன்னது. இரண்டு, துக்கம், குழு உடைந்ததே ஒரு மரணத்தால் இருக்கும். மூன்று, அவமானம், வெளியேறினார் என்று ஊர் சொல்லும், உண்மையில் வெளியேற்றப்பட்டிருப்பார். நான்கு, பணமும் உரிமையும். நாலாவதுதான் வெளியே தெரியாமல் நீண்ட நாள் புகைவது.

இதற்கு ஜான் ஃபோகர்ட்டியின் கதையைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிப் பாடியவர் அவர். குழு 1972இல் கலைந்தது, பாடல் உரிமைகள் ரெக்கார்ட் கம்பெனியின் கையில் தங்கிவிட்டன. 1985இல் அவர் தனியாக வெளியிட்ட ஆல்பத்தில் இருந்த பாட்டு ஒன்று, 1970இல் குழுவுக்காக அவரே எழுதிய பாட்டைப் போல இருக்கிறது என்று சொல்லி அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. தன்னையே தான் காப்பியடித்ததாகக் குற்றச்சாட்டு! நீதிமன்றத்தில் கிடாரை வாசித்துக் காட்டி, 1988இல் ஜெயித்தார். வழக்குச் செலவு யார் தலையில் என்ற தகராறு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1994இல்தான் தீர்ப்பானது. பழைய பாட்டுகளின் உரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது 2023இல். நடுவில் இருந்த அந்த ஐம்பது வருடங்களில் ‘பழைய குழு நாட்களை நினைத்துப் பார்ப்பீர்களா?’ என்று இனிமையாகக் கேட்டவர்கள் எதன்மேல் கை வைத்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

ஆகவே பேட்டிக்குப் போகுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்த நாலில் எது என்று கண்டுபிடிப்பது. அதற்கு மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்: பாட்டுகளில் எழுதியவர் பெயர் யாருடையது, வழக்கு ஏதாவது நடந்ததா, குழுவின் பெயரில் இப்போது யாராவது கச்சேரி செய்கிறார்களா. அரைமணி நேர வேலை.

அப்போ பழைய பேண்ட் பத்தி வாயே திறக்கக் கூடாதா?

அப்படியும் இல்லை. நாற்பது நிமிடம் பேசிவிட்டு அந்தப் பேரையே எடுக்காமல் வந்தால் அதுவும் செயற்கையாகத்தான் இருக்கும். கலைஞருக்கே ‘இவனுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்’ என்று தோன்றும். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவதில் வெறுப்பு கிடையாது. அந்தக் காலத்து வேலையை விட்டுவிட்டுச் சண்டையை மட்டும் விசாரிப்பதில்தான் வெறுப்பு.

அளவு முக்கியம். இருபது நிமிடப் பேட்டியில் மூன்று, நான்கு நிமிடம். ஒரு மணி நேரமென்றால் பத்து நிமிடம் வரை தாங்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் அவரே தாண்ட வேண்டும்.

முதல்லயே கேட்டு முடிச்சிடலாமா? இல்ல கடைசிக்கு வச்சுக்கலாமா?

இரண்டுமே ஆகாது. முதலில் கேட்டால் புது ஆல்பத்தை நீங்கள் கேட்கவே இல்லை என்று அர்த்தமாகிறது. மீதி நேரமெல்லாம் ஒற்றை வரி பதில்தான். கடைசிக்கு வைப்பதில் வேறு ஆபத்து. ‘கடைசியா ஒரே ஒரு கேள்வி’ என்று தொடங்கினாலே பக்கத்தில் இருக்கிற பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பாளர்) கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அதுவரை பேசியதெல்லாம் இதற்கான தூண்டில்தானா என்று கலைஞருக்கும் தோன்றிவிடும். முன்பு மனம்விட்டுச் சொன்னதையெல்லாம் ‘அதைப் போடாதீர்கள்’ என்று திரும்ப வாங்கிக்கொண்டு போனால் ஆச்சரியப்படாதீர்கள்.

சரியான இடம் பாதிக்குச் சற்றுப் பின்னால். இருபது நிமிடமென்றால் பதினோராவது, பன்னிரண்டாவது நிமிடம். அதற்குள் புதுப் பாட்டுகள் இரண்டைப் பற்றியாவது விவரமாகப் பேசி முடித்திருக்க வேண்டும். போகிற வழியும் புதுப் பாட்டு வழியாகவே இருக்கட்டும். புது ஆல்பத்தில் ஒரு பாட்டின் ரிதம் பழைய நாட்களை நினைவூட்டினால், அங்கிருந்து இரண்டு நிமிடம் பின்னால் போய்விட்டுத் திரும்பவும் அதே பாட்டுக்கே வந்துவிடுங்கள். திரும்பி வருவதை மறக்கக் கூடாது. போனவர்கள் பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

எப்படிக் கேட்டா கோபம் வராது? ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

‘அவர் இல்லாம இப்போ தனியா பாடுறது எப்படி இருக்கு?’ இது நிறையப் பேர் கேட்கிற கேள்வி. இதில் என்ன தப்பு? ‘நன்றாக இருக்கிறது’ என்றால் பழைய நண்பரைக் குத்தியதாகிவிடும். ‘கஷ்டமாக இருக்கிறது’ என்றால் தனியாக நிற்க முடியவில்லை என்று ஆகிவிடும். பதிலே இல்லாத கேள்வி.

அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: ‘அந்தக் குழுவில் இரண்டு கிடார் இருந்தது, ஒன்று கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசிக்கும்போது இன்னொன்று மேலே ஓடும். இந்த ஆல்பத்தில் ஒரே கிடார்தான். அந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டீர்களா, இல்லை கீபோர்டை வைத்து நிரப்பினீர்களா?’ பிரிவைப் பற்றிய அதே விசாரிப்புதான் இதற்குள்ளும் இருக்கிறது. ஆனால் பதில் சொல்ல இவரால் மட்டுமே முடியும், சொன்னால் யாருக்கும் காயமில்லை. பாதிப் பேர் இங்கிருந்து தாங்களாகவே மற்றவரின் பெயரைச் சொல்லி, அவர் வாசித்த விதத்தைப் பாராட்டவும் செய்வார்கள். ஏன், எப்போது, யாரால் என்று தொடங்கும் கேள்விகளைக் காகிதத்தில் எழுதிவைத்து, ஒவ்வொன்றையும் ‘எப்படி வாசித்தீர்கள், எப்படிப் பதிவு செய்தீர்கள்’ என்று மாற்ற முடியுமா பாருங்கள். மாற்ற முடியாததை விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வழியில் போக நீங்கள் பழைய ஆல்பத்தையும் புது ஆல்பத்தையும் உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும். இரண்டு கிடார் இருந்தது என்று ஒரு கிடார் குழுவைப் பார்த்துச் சொன்னால் அதோடு கதை முடிந்தது.

‘மறுபடி சேருவீங்களா?’ன்னு கேட்கிறதுல என்ன தப்பு? ரசிகர்கள் அதைத்தானே தெரிஞ்சுக்க விரும்புறாங்க?

விரும்புகிறார்கள்தான். ஆனால் பேட்டியில் அது தெரியவராது. நிஜமாகவே சேரப்போகிறார்கள் என்றால் அரங்கங்கள் முன்பதிவாகி, ஒப்பந்தங்கள் கையெழுத்தாகி, அறிவிக்கிற நாள் வரை வாய் திறக்கக் கூடாது என்று எல்லோரையும் கட்டிப்போட்டிருப்பார்கள். சேரப்போவதில்லை என்றால் ‘இல்லை’ என்ற பதில் பழைய உறுப்பினருக்கு நாளைக் காலை செய்தித் தலைப்பாகப் போய்ச் சேரும். ‘எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது’ என்று மழுப்பினால் ‘மீண்டும் இணைகிறார்களா?’ என்ற தலைப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

சொன்ன பதிலுக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஈகிள்ஸ் குழு போதும். 1980இல் பிரிந்தபின் எப்போது சேர்வீர்கள் என்று கேட்டவர்களிடம், நரகம் பனியாய் உறையும்போது என்றார் குழுவின் டிரம்மரும் பாடகருமான டான் ஹென்லி. 1994இல் சேர்ந்தார்கள், அந்த வாக்கியத்தையே சுற்றுப்பயணத்துக்குப் பெயராகவும் வைத்தார்கள். ஓயாசிஸ் 2009 ஆகஸ்டில் பாரிஸில் மேடையேறவேண்டிய அன்று உடைந்தது. அடுத்த பதினைந்து வருடமும் குழுவின் நோயல், லியாம் காலகர் என்ற இரண்டு சகோதரர்களையும் பேட்டியாளர்கள் துளைத்து எடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தபோது அவர்களே நேரடியாக அறிவித்தார்கள். 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் முதல் கச்சேரி. தி ஜாம் குழு இன்னொரு பக்கம்: 1982இல் அதன் பாடகர் பால் வெல்லர் முடித்துக்கொண்டார், மூவரும் சேர்ந்து மேடையேறவே இல்லை. நம் பக்கத்திலும் பாருங்கள், 1965இல் பிரிந்த விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் ஒரு படத்துக்காக மறுபடி சேர முப்பது வருடம் ஆனது.

மேனேஜர் முன்னாடியே ‘பழைய பேண்ட் பத்திக் கேட்கக் கூடாது’ன்னு மெயில் போட்டுட்டார். ஒத்துக்கணுமா?

உடனே சரி என்றும் சொல்ல வேண்டாம், முறைத்துக்கொள்ளவும் வேண்டாம். எதைக் கேட்கக் கூடாது என்று பிரித்துக் கேட்டு எழுதுங்கள். குழுவின் பெயரே வரக் கூடாதா? பாட்டுகளைப் பற்றிப் பேசலாமா? குறிப்பிட்ட ஒரு ஆளைப் பற்றி மட்டும் வேண்டாமா? வழக்கு நடக்கிறதா? நூற்றுக்கு நூறு தடை என்று வந்த மெயில், இப்படித் திருப்பிக் கேட்டதும் பல நேரம் ‘மறுபடி சேர்வது பற்றியும் இன்னார் பற்றியும் வேண்டாம்’ என்று சுருங்கிவிடும். அந்த இரண்டையும் விட்டுக்கொடுப்பதில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை; காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

ஒத்துக்கொண்டால் வார்த்தையைக் காப்பாற்றுங்கள். ஒத்துக்கொள்ள முடியாதென்றால் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பேட்டி கிடைக்காமல் போகலாம், போகட்டும். எழுதியதை அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். அது வேறு வகையான கட்டுப்பாடு. செய்யவே கூடாதது ஒன்று உண்டு: ‘உங்க மேனேஜர் கேட்கக் கூடாதுன்னு சொன்னார், இருந்தாலும்…’ என்று கலைஞர் முகத்துக்கு நேரே தொடங்குவது. தடை போட்டது மேனேஜரா அவரா என்று உங்களுக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் ஒருவரைக் காட்டிக்கொடுத்தாயிற்று.

‘சட்டச் சிக்கல், பேச முடியாது’ன்னு சொல்றாங்களே, அது சும்மா சாக்குத்தானே?

சில நேரம் சாக்கு, பல நேரம் நிஜம். குழு பிரியும்போது பெயர் யாருக்கு, பழைய ரெக்கார்டிங் வருமானம் எப்படிப் பிரிப்பது என்று சமரச ஒப்பந்தம் போடுவார்கள். ஒருவரை ஒருவர் பொதுவில் தாழ்த்திப் பேசக் கூடாது, தொகையை வெளியிடக் கூடாது என்ற விதிகள் அதில் இருப்பது சகஜம். மீறினால் பணம் கட்ட நேரும். பிங்க் ஃபிளாய்டைவிட்டு 1985இல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ், மற்றவர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்துவதை எதிர்த்து 1986இல் வழக்குக்குப் போனார். 1987 இறுதியில் சமரசமானது. அதன் பிறகும் நால்வரும் ஒரே மேடையில் நிற்க 2005 ஜூலை 2 வரை ஆயிற்று.

நீதிமன்றத்தில் திறந்த விசாரணையாக நடந்ததைப் பற்றிக் கேட்பது வேறு. ஸ்மித்ஸ் வழக்கில் டிரம்மர் மைக் ஜாய்ஸ் 1996இல் ஜெயித்தார். பாடகரும் கிடார் கலைஞரும் ஆளுக்கு 40 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா 10 சதவீதம் என்று ஓடிக்கொண்டிருந்த பங்கில் தனக்கு 25 சதவீதம் வர வேண்டும் என்பது அவர் வாதம். இதெல்லாம் பொதுவில் பதிவானது, குறிப்பிட்டுப் பேசலாம். ஆனால் ‘யார் சொன்னது நியாயம்?’ என்று தீர்ப்பை மறுபடி எழுதச் சொல்லாதீர்கள். பாட்டு எழுதியவர் என்ற முறையில் வரும் பணமும், வாசித்ததற்கு வரும் பணமும் வேறு வேறு என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அந்த வழக்கு வாசித்ததற்கு வரும் பங்கைப் பற்றியது. இதைக் குழப்பிக் கேட்டால் எரிச்சல் இரட்டிப்பாகும்.

பழைய பாட்டையெல்லாம் மேடையில பாடுறார், ஆனா அதைப் பத்திப் பேச மாட்டேங்கிறார். என்ன நியாயம் இது?

பாடுவது வேலை, பேசுவது விசாரணை. பாடும்போது பாட்டு எப்படிப் போக வேண்டும் என்பது அவர் கையில் இருக்கிறது. பேட்டியில் அது உங்கள் கையில் இருக்கிறது. அதோடு பொதுவாக மேடையில் ஒரு பாட்டைப் பாட முன்னாள் கூட்டாளிகளின் சம்மதம் தேவையில்லை. உரிமத் தொகையை அரங்கமோ ஏற்பாட்டாளரோ கட்டுவார்கள், அது எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் போகும்.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதால்தான் ஃபோகர்ட்டி பல வருடம் தன் பழைய பாட்டுகளையே மேடையில் பாடாமல் இருந்தார். 1987 ஜூலை 4 அன்று வியட்நாம் போர் வீரர்களுக்கான கச்சேரியில்தான் மறுபடி பாடினார். பாடகர் பீட்டர் கேப்ரியல் போல 1975இல் ஜெனிசிஸ் குழுவைவிட்டு வந்தபின் தனிக் கச்சேரிகளில் அந்தப் பாட்டுகளைப் பெரும்பாலும் தொடாமலேயே விட்டவர்களும் உண்டு. பழைய பாட்டை எடுத்து வேகத்தைக் குறைத்து, வாத்தியங்களை மாற்றி, ஏறக்குறைய புதுசாக்கிப் பாடுகிறவர்கள் மூன்றாவது வகை. இவர்களிடம் பேச வழி சுலபம். ‘சுருதியை ஏன் இறக்கினீர்கள்?’ என்று கேட்டால் போதும். சில நேரம் குரல் முன்போல எட்டவில்லை என்ற நேர்மையான பதில் வரும். அதைவைத்துத் தலைப்புப் போட்டுவிடாதீர்கள்.

பாடகர்கள்தான் இப்படியா? டிரம்ஸ், பேஸ் வாசிச்சவங்களும் கோபப்படுவாங்களா?

அவர்கள் பிரச்சினை தலைகீழ். அவர்களிடம் யாரும் அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்பதில்லை. ‘அந்தப் பாடகர் நிஜத்துல எப்படிப்பட்டவர்?’ என்பதுதான் வருடக்கணக்காக வருகிற கேள்வி. பழைய குழுவைப் பற்றிப் பேச ஆசையாகவே இருப்பார்கள், அந்த ஒரு கேள்விக்காக மட்டும் கதவைச் சாத்துவார்கள். பேஸ் வாசித்தவரிடம் அவர் வாசித்த ஒரு வரியை முணுமுணுத்துக் காட்டி, ‘இது விரலாலா, பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டுகிற சிறு தகடு) வைத்தா?’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் ஓடும். நடுவில் வந்து சேர்ந்து, நடுவில் போன மாற்று உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். அவர்களை ‘அசல்’ ஆளோடு ஒப்பிடாமல் இருந்தாலே பாதி மரியாதை.

இறந்துபோன உறுப்பினரைப் பத்திக் கேட்கலாமா?

முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேளுங்கள். பேட்டிக்கு முன்பே ‘இவரைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லி வைப்பது நல்லது. ஒலிப்பதிவு ஓடும்போது திடீரென்று கேட்டால், தயாராகாத துக்கத்தைப் படம் பிடிக்கிற வேலையாகிவிடும். நினைவு நாள் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாய் டிவிஷன் குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று இறந்தார். மிச்சமிருந்த மூவரும் நியூ ஆர்டர் என்ற பெயரில் தொடர்ந்தார்கள், தொடக்க வருடங்களில் பழைய பாட்டுகளைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். டிரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்ததும் அவருடைய லெட் செப்பெலின் குழு அந்த டிசம்பரிலேயே கலைந்தது. 2007 டிசம்பர் 10 அன்று ஒரே ஒரு முழுக் கச்சேரிக்குச் சேர்ந்தபோது டிரம்ஸில் உட்கார்ந்தவர் பான்ஹமின் மகன்.

அந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அவர் எப்படி வாசித்தார், எப்படிப் பாடினார் என்று கேளுங்கள்.

கேட்டுத் தொலைச்சுட்டேன். மூஞ்சி மாறிடுச்சு. இப்ப என்ன பண்றது?

முதலில், கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்காதீர்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான். புரியவில்லை என்று நினைத்து விளக்குவார்கள். அவருக்கு நன்றாகவே புரிந்தது. நீளமான மன்னிப்பும் வேண்டாம், அவர்தான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டி வரும். மூன்று நான்கு விநாடி சும்மா இருங்கள். சில நேரம் அந்த மௌனத்திலேயே அவராக ஏதாவது சொல்வார். சொல்லவில்லையென்றால் ‘சரி, அதை விடுவோம்’ என்று ஒரே வரி, பிறகு புது ஆல்பத்தில் மிக நுணுக்கமான ஒரு கேள்வி: அந்த மூன்றாவது பாட்டின் நடுவில் கேட்கிற சத்தம் என்ன வாத்தியம், எந்த அறையில் பதிவு செய்தது. இதற்காகவே இப்படிப்பட்ட இரண்டு கேள்விகளைக் கையிருப்பில் வைத்திருங்கள், வேறெங்கும் செலவழிக்காதீர்கள்.

எழுந்து போய்விட்டாரென்றால் போகட்டும். பின்னாலேயே ஓடாதீர்கள். வெளியிடும்போது அவர் எழுந்து போனதையே செய்தியாக்கினால் நாலு நாள் பரபரப்பாக ஓடும். அதன்பின் எந்த மேனேஜரும் உங்களுக்கு நேரம் தர மாட்டார்.

அவரே பேச்சை எடுத்தா? அப்ப தாராளமா கேட்கலாம்ல?

அவர் திறந்த கதவு வழியாக மட்டும். குழுவின் பெயரைச் சொல்கிறாரா, ‘அந்தக் காலத்தில்’ என்கிறாரா, ‘அவர்கள்’ என்கிறாரா, ‘நாங்கள்’ என்கிறாரா என்று கவனியுங்கள். ‘நாங்கள்’ என்று வந்தால் இன்னும் இரண்டு கேள்விக்கு இடமுண்டு. ‘அவர்கள்’ என்றால் கேட்டுக்கொண்டு தலையாட்டுங்கள், போதும்.

எழுதும்போது கவனம். சிரித்துக்கொண்டே சொன்ன கிண்டல் அச்சில் கசப்பாகத் தெரியும். சிரித்தார் என்றால் சிரித்தார் என்று எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதாமல் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு எழுதுங்கள்.

பழைய பேண்ட் பேரைத் தலைப்புல போடலைன்னா யாருமே படிக்க மாட்டாங்களே?

இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாக் கோபத்துக்கும் வேர் பெரும்பாலும் இங்கேதான். நாற்பது நிமிடப் பேட்டி. அதில் பழைய கூட்டாளியைப் பற்றி நாற்பது விநாடி. தலைப்பு அந்த நாற்பது விநாடியிலிருந்து. மற்ற தளங்கள் அதை மட்டும் வெட்டியெடுத்துப் போடும், கூட்டாளியிடம் யாராவது மைக்கை நீட்டுவார்கள், பதிலடி வரும். புது ஆல்பத்தைப் பற்றி ஒரு வரிகூட மிஞ்சாது. அடுத்த பேட்டியாளருக்குத் தடை மெயில் போவது இதனால்தான்.

தலைப்பைப் பெரும்பாலும் பேட்டி எடுத்தவர் வைப்பதில்லை, ஆசிரியர் வைக்கிறார். ஆகவே கட்டுரையை அனுப்பும்போதே நீங்களே இரண்டு தலைப்புகள் எழுதி அனுப்புங்கள்; இல்லையென்றால் அவசரத்தில் கண்ணில் படுவது அந்த நாற்பது விநாடிதான். குழுவின் பெயர் தேவையென்றால் முதல் பத்தியில் ஒருமுறை வரட்டும், துணைத் தலைப்பிலும் வரலாம். தேடுகிறவர்கள் கண்ணில் படுவதற்கு அது போதும். ‘முன்னாள்’ என்ற சொல்லை ஒரு தடவைக்கு மேல் போடாதீர்கள்.

நான் பேட்டியெல்லாம் எடுக்கலை, வெறும் ரசிகன். கையெழுத்துக்குப் பழைய பேண்ட் ரெக்கார்டைக் கொண்டுபோகலாமா?

தாராளமாக. ஒரே ஒரு பழைய ரெக்கார்ட், அதன்மேல் புதுசு ஒன்று. புதுசை முதலில் நீட்டுங்கள். ஐந்தாறு ரெக்கார்டுகளை அடுக்கிக்கொண்டு போனால் விற்கிறதுக்கு என்று நினைப்பார். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னால் அந்தச் சந்தேகம் போய்விடும். பிளாஸ்டிக் உறையை முன்பே கழற்றிவிடுங்கள். இருண்ட அட்டைக்கு வெள்ளி நிற மார்க்கர், வெளிர் அட்டைக்குக் கறுப்பு. மூடியைத் திறந்து தயாராக வைத்திருங்கள். பளபளப்பான அட்டையில் மை காய ஒரு நிமிடமாவது ஆகும், உடனே உறைக்குள் தள்ளினால் இழுசிப் போகும். அட்டையில் எல்லோர் முகமும் இருந்தால் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் இடத்தைக் காட்டுங்கள். இன்னொருவர் முகத்தின்மேல் கையெழுத்துப் போடச் சொல்வது வேடிக்கை என்று தோன்றும்; செய்யாதீர்கள்.

உங்களுக்குக் கிடைப்பது இருபது முப்பது விநாடி. ‘இந்த ரெக்கார்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும்’ என்பது போதும். கச்சேரியின் நடுவில் பழைய பாட்டின் பேரைக் கத்துவது பற்றியும் கேட்கிறார்கள். பாட்டு வரிசை அன்று மாலைக்கு முன்பே முடிவாகி, ஒளியமைப்பு வரை அதற்கேற்ப அமைத்தாயிற்று. கத்தினாலும் வராது.

இருபது வருஷம் வாயைத் திறக்காதவர் இப்போ சுயசரிதை எழுதி எல்லாத்தையும் சொல்றார். இப்பக் கேட்கலாம்தானே?

கேட்கலாம், அவரே விற்கிற விஷயமாயிற்றே. ஸ்மித்ஸின் பாடகர் மோரிசி 2013இலும் ஜானி மார் 2016இலும் தத்தம் சுயசரிதைகளை வெளியிட்டார்கள். ஒரே ஐந்து வருடத்துக்கு இரண்டு கணக்கு. ஆனால் புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டுப் போங்கள். இப்படிப்பட்ட புத்தகத்தை அச்சுக்கு முன் வக்கீல் வரிவரியாகப் பார்த்திருப்பார். அதில் இல்லாததைப் பேட்டியில் சொல்ல மாட்டார். பக்கத்தைச் சொல்லிக் கேட்பதுதான் பலன் தரும்.

அவர் சொல்றது தப்புன்னு எனக்குத் தெரியுது. மறுத்துப் பேசலாமா?

தேதியோ பெயரோ தவறென்றால் கையில் ஆதாரத்தோடு மென்மையாக: ‘அட்டையில் எழுதியவர் பெயர் இரண்டு பேர் என்று இருக்கிறது, சரியா?’ அட்டையும் வெளியான நாளும் நீதிமன்றப் பதிவும் வாதாடாது. நீங்கள் வாதாட வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய ஒத்திகை அறையில் எந்த மெட்டை யார் முதலில் வாசித்தார் என்பதில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், இரண்டு பேருமே உண்மையாக நம்பிச் சொல்லலாம். அப்படியே ‘அவர் சொல்வது’ என்று எழுதிவிடுங்கள்.

மற்றவர் திருடினார், ஏமாற்றினார் என்ற அளவுக்குக் குற்றச்சாட்டு வந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. வெளியிடுவதற்கு முன் அந்த மற்றவருக்கும் எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல இரண்டு மூன்று நாளாவது கொடுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வராததையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.